படிவத்தில் ‘இல்லை’ என்று கையெழுத்திடும் நமக்கு

மருத்துவக் கல்லூரிகளின் நெறிமுறைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தலைவர்கள், உறுப்பினர் செயலர்கள், சக உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். நான்கு ஆண்டுகளாக ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகள் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்கின்றன. அவர்களில் ஒரு சட்ட வல்லுநர், ஒரு பெண், பொதுமக்களில் ஒருவர் இருந்தாக வேண்டும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாளாகவே இருக்க வேண்டும். பொதுமக்களில் ஒருவர் என்ற நாற்காலி என்னுடையது. பெண் என்ற கணக்கும் என்னாலேயே நேராகிவிட்டது என்று முதல் நாளே ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு தாள் சுற்றி வரும். பெரும்பாலும் டீயும் போண்டாவும் வரும் அதே நேரத்தில் வரும். ஒரு கையில் டம்ளரைப் பிடித்தபடி மறு கையால் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுவோம். எனக்காகவென்றே அதைத் தமிழில் பெயர்த்திருந்தார்கள்: ‘இன்று பரிசீலிக்கப்படும் ஆய்வுகள் தொடர்பாக எனக்குக் கருத்து முரண்பாடு ஏதும் இல்லை.’ முதல் மூன்று கூட்டங்களில் இதைப் படித்துவிட்டுக் குழம்பினேன். கருத்து முரண்பட்டால் சொல்வதற்குத்தானே என்னை அழைத்திருக்கிறார்கள்? தொடங்கும் முன்பே முரண்பட மாட்டேன் என்று எழுதி வாங்குகிறார்களே என்று நினைத்தேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் போட்டார்கள்.

நான்காவது கூட்டத்தில்தான் ஆங்கிலப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அது கேட்டது கருத்தைப் பற்றி அல்ல, நலனைப் பற்றி. இந்த ஆய்வு நடந்தாலோ, வென்றாலோ, நிராகரிக்கப்பட்டாலோ எனக்கு ஏதாவது வருமா, போகுமா என்பதுதான் கேள்வி. தமிழில் இதற்கு ‘நலமுரண்’ என்ற சொல் இருக்கிறது. செய்தித்தாள்கள் கிரிக்கெட் வாரிய விவகாரத்தில் ‘இரட்டை ஆதாயம்’ என்று எழுதின. வாரியத் தலைவராக இருப்பவரின் நிறுவனமே ஐபிஎல் அணி ஒன்றை வைத்திருக்கலாம் என்று வாரியம் 2008இல் திருத்திய விதியை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் செல்லாது என்று அறிவித்தது. அப்போது சென்னை டீக்கடைகளில் எல்லோருக்கும் இந்தச் சங்கதி புரிந்திருந்தது. ‘அவர் ஆட்டத்தை விற்றாரா?’ என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நடுவரை நியமிக்கிறவரும் அணியை வைத்திருப்பவரும் ஒரே ஆள் என்பதே போதுமானதாக இருந்தது. கிரிக்கெட்டில் நமக்குச் சட்டென்று விளங்குவது மருத்துவ ஆராய்ச்சி என்று வந்ததும் ஏன் விளங்காமல் போகிறது?

போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் புதிய சர்க்கரை நோய் மருந்துப் பரிசோதனை எங்கள் முன் வந்தது. தாள் சுற்றி வந்தபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த நிறுவனத்தின் செலவில் மாநாட்டுக்குப் போனவர்கள், உரை நிகழ்த்திப் பணம் வாங்கியவர்கள் யாராவது இந்த அறையில் இருக்கிறார்களா? மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, நான் மிகவும் மதிக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர் முகம் சிவந்து, “என் நாணயத்தையா சந்தேகப்படுகிறீர்கள், அம்மா?” என்றார். கூட்டம் அப்படியே நகர்ந்தது. ஒப்புதலும் கொடுத்தோம். மாலையில் கார் நிறுத்துமிடத்தில் அவரே என்னிடம் வந்தார். இரண்டு முறை அந்த நிறுவனத்தின் கூட்டங்களில் உரை நிகழ்த்தியிருப்பதாகவும், ஒருமுறை வெளிநாட்டுப் பயணச் செலவை அவர்கள் ஏற்றதாகவும் சொன்னார். “நான் பொய் சொல்லவில்லை. அதெல்லாம் இதில் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை” என்றார். அவர் சொன்னதை நான் முழுவதும் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது அந்த நேர்மைதான். அவர் திருடர் என்றால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை, இரண்டு வரிப் புகார் போதும்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு வரும்போது ஆசிரியரைச் சொந்தப் பள்ளியில் அறைக் கண்காணிப்பாளராகப் போடுவதில்லை. மகனோ மகளோ தேர்வு எழுதினால் அந்த மையத்தில் பணி கிடையாது; அப்படி யாரும் எழுதவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனால் தாளில் பெயர் இருக்காது, டம்மி எண்தான் இருக்கும். முதன்மைக் கண்காணிப்பாளராக நான் எத்தனையோ ஆண்டு பணி செய்திருக்கிறேன். “மேடம், இந்த வருஷம் என் பெண் எழுதுகிறாள், என்னை வேறு மையத்துக்கு மாற்றிவிடுங்கள்” என்று ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே வந்து சொல்வார்கள். இன்னும் சொல்லப்போனால், பெண் பிளஸ் டூ வந்துவிட்டாள் என்ற பெருமை அந்தக் குரலில் இருக்கும். என் நாணயத்தைச் சந்தேகிக்கிறீர்களா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பெற்ற பெண் எழுதும்போது தகப்பன் மனம் எங்கே சாயும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அது குற்றம் இல்லை, அவர் நிற்கும் இடம் அப்படி. இடத்தை மாற்றினால் தீர்ந்தது.

நலமுரண் என்பதும் ஒருவர் நிற்கும் இடம்தான். அதை நாம் வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம். வசையை யார் தன் கையால் தனக்கு எழுதிக்கொள்வார்? அதனால்தான் எல்லாப் படிவங்களிலும் ‘இல்லை’ என்றே இருக்கிறது.

2001இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். மருந்து நிறுவனங்களின் பரிசும் விருந்தும் நீங்கள் மருந்து எழுதுவதைப் பாதிக்கிறதா என்று கேட்டதற்கு 61 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். மற்ற மருத்துவர்களையாவது பாதிக்கிறதா என்று கேட்டதற்கு, அவர்களும் பாதிக்கப்படுவதில்லை என்று சொன்னவர்கள் 16 சதவீதம் பேர்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது. நம் ஊர் நிலவரத்துக்கு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வருமான வரி வழக்கு ஒன்று போதும். சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் சத்து மாத்திரை ஒன்றைப் பிரபலப்படுத்த மருத்துவர்களுக்குத் தங்க நாணயமும் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் கொடுத்துவிட்டு, அந்தச் செலவுக்கு வரிவிலக்குக் கேட்டது. முடியாது என்றது நீதிமன்றம். மருத்துவர்கள் இப்படி வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் விதி 2009 டிசம்பரிலேயே வந்துவிட்டது. தங்க நாணயம் மனத்தை அசைக்காது என்றால் கணக்குத் தெரிந்த ஒரு கம்பெனி எதற்காக அதை வாங்கிக் கொடுக்கிறது?

இனி சொல்லப்போவதை ஒவ்வொரு புதிய உறுப்பினருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜெஸ்ஸி கெல்சிங்கர் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த பையன். கல்லீரலில் ஒரு நொதி சரியாக வேலை செய்யாததால் உடலில் அம்மோனியா சேரும் அரிய நோய் அவனுக்கு இருந்தது. ஆனால் கொடிய வடிவம் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டாலும் மாத்திரைகளாலும் ஓரளவு சமாளித்து வந்தான். பதினெட்டு வயது நிரம்பியதும், தன்னைப் போலப் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவும் என்று நம்பி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் சேர்ந்தான். அவனுக்கு அதில் மருத்துவப் பலன் எதுவும் கிடையாது. 1999 செப்டம்பர் 13 அன்று, மரபணுவைச் சுமந்த வைரஸை அவன் உடலில் செலுத்தினார்கள். 17ஆம் தேதி இறந்துவிட்டான். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பிறகு விசாரித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவனுடைய அம்மோனியா அளவு, ஆய்வுத் திட்டம் அனுமதித்த வரம்பைவிட அதிகமாக இருந்திருக்கிறது. முன்பு சேர்ந்தவர்களுக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை. குரங்குகள் இறந்த செய்தி ஒப்புதல் படிவத்திலிருந்து காணாமல் போயிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் இன்னொன்று. அந்த ஆய்வு மையத்தின் தலைவர் ஜேம்ஸ் வில்சன், ஜெனோவோ என்ற கம்பெனியின் நிறுவனர், பங்குதாரர். மையத்தின் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அந்தக் கம்பெனியிலிருந்து வந்தது. பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு இருந்தது. இதை மறைத்துவிட்டார்களா? இல்லை. பல்கலைக்கழகத்தின் குழுக்கள் பார்த்து, நிபந்தனைகள் போட்டு அனுமதித்தவைதான். ஜெஸ்ஸி கையெழுத்திட்ட படிவத்திலேயே, இந்த ஆய்வு வெற்றி பெறுவதில் பல்கலைக்கழகத்துக்கும் வில்சனுக்கும் கம்பெனிக்கும் பண நலன் உண்டு என்று ஒரு வாக்கியம் இருந்தது.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பதினெட்டு வயதுப் பையன் அதைப் படித்து என்ன செய்திருக்க வேண்டும்? வைரஸின் அளவு எவ்வளவு, குரங்குக்கு என்ன ஆனது என்று தெரியாத ஒருவனிடம், இவர்களுக்கு இதில் பணம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், அவன் எதை எதோடு கழித்துப் பார்ப்பான்? பணத்துக்காகத்தான் அவனைச் சேர்த்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை. அம்மோனியா சற்று அதிகம்தான், பரவாயில்லை, தொடரலாம் என்று ஒரு மருத்துவர் முடிவெடுக்கும் கணம் ஒன்று உண்டல்லவா? அந்தக் கணத்தில் மனத்துக்குள் என்ன இருந்தது என்பதை அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஆர்வம், அவசரம், பல வருட உழைப்பு, பங்குப் பத்திரம் எல்லாம் ஒன்றாகக் கரைந்திருக்கும். இறந்த பையனின் தகப்பனார் முதலில் மருத்துவர்களின் பக்கமே நின்றார். பிறகு ஒவ்வொரு செய்தியாகத் தெரிய வரத்தான் வழக்குக்குப் போனார்.

ஆகவே அறிவித்துவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். 2005இல் வெளியான ஒரு சோதனை இதற்குப் பொருத்தமானது. ஒரு கண்ணாடிச் சாடியில் சில்லறைக் காசு. மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று ஒருவர் ஊகிக்க வேண்டும். அவர் சாடியைத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார். கிட்டத்தில் பார்த்த இன்னொருவர் ஆலோசனை சொல்வார். ஊகம் கூடக் கூட ஆலோசகருக்குப் பரிசு கூடும். இந்த ஆதாயத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டால் ஆலோசகர் அடக்கி வாசிப்பார் என்றுதானே நினைப்போம்? முன்பைவிட அதிகமாகவே உயர்த்திச் சொன்னார்கள். நான்தான் சொல்லிவிட்டேனே, இனி அவர் பாடு என்ற நிம்மதி! கேட்டவர்களும் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், ஆனால் போதுமான அளவு கழிக்கவில்லை. நம் படிவங்களில் சிறிய எழுத்தில் கடைசிப் பக்கத்தில் வரும் ‘நிதி உதவி’ வாக்கியம் யாருடைய நிம்மதிக்காக எழுதப்படுகிறது என்று அதைப் படித்தபின் எனக்குப் புரிந்தது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பத்திலிருந்து பதினான்கு வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. ‘பாத்’ என்ற அமெரிக்க அமைப்பு நடத்தியது. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. தடுப்பூசியை இரண்டு பன்னாட்டு நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் மாநில அரசுகளும் உடனிருந்தன. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிக்கொல்லி என்று காரணங்கள் வேறாக இருந்தன. தடுப்பூசியால் இறந்ததாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால் 2013 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் 72ஆவது அறிக்கை வேறு பல கேள்விகளை எழுப்பியது. ஆராய்ச்சி நெறிமுறைகளை எழுதிக் கொடுக்கும் ஐ.சி.எம்.ஆரே இந்தத் திட்டத்தில் பங்காளியாக இருந்ததைக் கடுமையாகச் சாடியது. விசாரிக்க அமர்த்தப்பட்டவர்களின் நலமுரணைப் பற்றியும் கேட்டது.

அந்த விவகாரத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொரு எண். ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. சுற்றறிக்கை வந்தது, போட்டார்கள். நானும் அப்படியொரு நாற்காலியில் இருந்தவள். மேலிருந்து ஒரு திட்டம் வந்தால் நம் பள்ளி நூறு சதவீதம் முடித்தது என்று சொல்ல எவ்வளவு ஆசைப்படுவோம், முடிக்காவிட்டால் கல்வி அதிகாரி கூட்டத்தில் எப்படி நிற்க வைப்பார் என்று எனக்குத் தெரியும். கம்மத்தில் நான் இருந்திருந்தால் மறுத்திருப்பேனா? மறுத்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்குவதும் ஒரு நலன்தான். அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது. தமிழ்நாடு அரசும் 2025 பட்ஜெட்டில் பதினான்கு வயதுப் பெண்களுக்கு அதை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. என் பேத்திக்குப் போட்டாயிற்று. ஆனால் எங்கள் தெருவில் ஒரு தாய், “ஆந்திராவில் பிள்ளைகள் செத்ததே, அந்த ஊசிதானே?” என்று என்னிடம் கேட்டாள். ஊசியின் மேல் குற்றமில்லை என்பதை அவளுக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. விசாரித்தவர்கள் யாருடைய ஆட்கள் என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் அன்றே நடந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அந்த 72ஆவது அறிக்கைக்கு முந்தைய ஆண்டு, 2012 மே மாதம், அதே நிலைக்குழுவின் 59ஆவது அறிக்கை வந்தது. மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் மத்திய அமைப்பைப் பற்றியது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மருத்துவ நிபுணர்கள் ஒரே மருந்தைப் பரிந்துரைத்து எழுதிய கடிதங்கள் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்ததைக் குழு கண்டுபிடித்தது. எங்கோ உட்கார்ந்து ஒரே கை எழுதியிருக்கிறது என்பதற்கு விடைத்தாள் திருத்தியவர்களிடம் சாட்சி கேட்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் ஒரே பிழை இரண்டு தாளில் வந்தால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் டெல்லி, அமெரிக்கா. நம் மேசைக்கு வருவோம். நம் முன் வரும் கோப்புகளில் கம்பெனி மருந்துப் பரிசோதனைகள் சிலவே. பெரும்பாலானவை முதுநிலை மாணவர்களின் தீசிஸ். அதில் யாருக்கு என்ன ஆதாயம் என்று கேட்பீர்கள். மாணவருக்கு அது இல்லாமல் பட்டம் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். அந்த வழிகாட்டியோ அவருடைய துறைத்தலைவரோ நம் குழுவிலேயே உட்கார்ந்திருக்கிறார். தன் துறைக் கோப்பு வரும்போது வெளியே போகாமல், “சார், இது நம்ம பையன்” என்கிறார். வார்டில் படுத்திருக்கும் நோயாளியிடம் ஒப்புதல் கேட்பவர் அவருக்கே காலையும் மாலையும் மருந்து எழுதும் மாணவர். மறுத்தால் டாக்டர் தம்பி கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் கட்டைவிரல் நீட்டப்படும்போது, ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. ஆனாலும் அங்கே நலமுரண் இருக்கிறது.

பணத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் அண்மையில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகளைத் தமிழாசிரியை நான் சொல்லாமல் விட்டால் யார் சொல்வார்கள்? முன்பு ஊர் வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் போடக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவுமுறைப் பட்டியல் போட்டு அத்தனை பேரையும் விலக்கியது. அந்த அத்தை மகன் கெட்டவன் என்று ஊர் சொல்லவில்லை. கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் அவன் வாய் எழாது என்றுதான் சொன்னது.

எல்லாவற்றையும்விடப் பெரிய நலமுரண் கல்லூரியுடையது. கம்பெனிப் பரிசோதனை வந்தால் கல்லூரிக்கு வருமானம். அந்த வருமானம் பெறும் கல்லூரியே நம்மை நியமிக்கிறது, அறை தருகிறது, போண்டாவும் தருகிறது. ஒரு நோயாளியைச் சேர்த்தால் எவ்வளவு தொகை வருகிறது, அதில் துறைக்கு எவ்வளவு, ஆய்வாளருக்கு எவ்வளவு என்று நாங்கள் கேட்டால், அது ஒப்பந்தப் பிரிவின் வேலை என்று கோப்பை நகர்த்துகிறார்கள். நான்கு ஆண்டில் ஒரே ஒரு கோப்பில்தான் அந்த எண் எங்கள் கண்ணில் பட்டது. அதுவும் தவறுதலாக இணைத்திருந்த பக்கம்.

நீங்கள் எல்லோரும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தயங்கினேன். ஏனென்றால் இதை எழுத உட்கார்ந்தபோதுதான் என் முதுகையும் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்து அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகச் செய்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில்லில் முப்பதாயிரம் ரூபாய் குறைந்திருந்தது. “நம்ம கமிட்டி மேடம் ஆச்சே” என்றார் கவுன்டரில் இருந்தவர். நான் கேட்கவில்லை. மறுக்கவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அதன் பிறகு எலும்பு மருத்துவத் துறையின் கோப்புகள் மூன்று வந்தன. மூன்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவற்றில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எதையாவது கேட்காமல் விட்டேனா? விடவில்லை என்றுதான் என் மனம் சொல்கிறது. அந்தப் பேராசிரியரின் மனமும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

ஆகவே கேட்கிறேன், என்னையும் சேர்த்து. அந்த உண்டா இல்லையா படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். பதிலாகக் கேள்விகளை எழுதுங்கள். இந்த மருந்து நிறுவனத்திடம் கடைசியாக எப்போது, எதற்காகப் பணமோ பயணமோ பெற்றீர்கள்? இந்த ஆய்வாளர் உங்களுக்கு மாணவரா, மேலதிகாரியா, உறவா, போட்டியாளரா? இந்த மருத்துவமனையில் உங்கள் வீட்டார் வேலை செய்கிறார்களா, சிகிச்சையில் சலுகை பெற்றார்களா? இப்படிக் கேட்டால் மறைப்பதற்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். பெரும்பாலோர் பொய் சொல்ல மாட்டார்கள். தலைவர் தன் தாளை முதலில் உரக்கப் படிக்கட்டும். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குக் கூச்சம் இருக்காது.

உண்டு என்று எழுதியவர் அந்தக் கோப்பு முடியும்வரை வெளியே போக வேண்டும். மௌனமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம். துறைத்தலைவர் மௌனமாக உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கீழே இருக்கும் இணைப் பேராசிரியர் பேச மாட்டார். எழுத்தில் தலைவரிடம் தெரிவித்து விலகுவதும் அதைக் கூட்டக் குறிப்பில் பதிவதும் 2019 விதிகளிலேயே இருக்கின்றன. புதிதாக யாரும் சட்டம் போட வேண்டியதில்லை. வார்டில் ஒப்புதல் வாங்குவதைச் சிகிச்சை தராத வேறொருவரிடம் விடுங்கள். ஒப்பந்தத் தொகையைக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்காவில் ஒரு மருத்துவரின் பெயரைத் தட்டினால் எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு பெற்றார் என்று 2014 முதல் யாரும் பார்த்துக்கொள்ளலாம். நம் நோயாளிகளுக்கு அந்த வசதி வரும்வரை அவர்களுக்காகப் பார்ப்பவர்கள் நாம் மட்டுமே. நோயாளியின் படிவத்தில் வெளிப்படையாக எழுதுவது வேண்டியதுதான். ஆனால் நாம் அறைக்குள் அமர்ந்து தீர்க்க வேண்டியதை அவர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

‘கருத்து முரண்பாடு’ என்ற மொழிபெயர்ப்பை இன்னும் எத்தனை கல்லூரிகள் வைத்திருக்கின்றனவோ தெரியவில்லை. தயவுசெய்து ஒரு தமிழாசிரியரிடம் காட்டுங்கள். காசு கேட்க மாட்டோம்.

வரும் கூட்டத்தில் ஐந்தாவது கோப்பு எலும்பு மருத்துவத் துறையுடையது. பில் விஷயத்தை எழுதித் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். முப்பதாயிரத்தையும் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். உறுப்பினர் செயலர் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். “அம்மா, பொதுமக்கள் பிரதிநிதி இல்லாவிட்டால் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான கோரம் கிடையாது. நீங்கள் எழுந்து போனால் கோப்பே நின்றுவிடும்” என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரே ஆளை வைத்துக்கொண்டு, ஆதாயம் உள்ளவர் விலக வேண்டும் என்றும் எழுதி வைத்தால், யாரும் விலகப் போவதில்லை. அதனால் இரண்டாவதாக ஒரு பொதுமக்கள் பிரதிநிதியைத் தேடச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பகுதியில் தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவரின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தினமும் பூங்காவில் என் கணவரோடு சதுரங்கம் ஆடுவார். அதையும் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெறிமுறைக் குழுவின் பொதுமக்கள் பிரதிநிதி,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை